பிரேக் டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

அந்த யோசனை எனக்கு வந்தபோது சந்தனக் கிண்ணம் என் இடது கையில் இருந்தது. அப்பா உள்ளே போய்க் கைகழுவிக்கொண்டிருந்தார். முன்வாசலில் விரித்திருந்த பழைய நாளிதழின் மேல் இரண்டு புது பிரேக் டிஸ்க்குகள், குழித்தட்டுகளைக் கவிழ்த்து வைத்ததைப் போலப் படுத்திருந்தன. தொடவே கூடாது என்று அப்பா சொன்ன பகுதி வெளியே பளபளத்தது. அவர் எதுவும் சொல்லாத பகுதி உள்ளே இருந்தது. வெளியே வைத்தால்தானே திட்டுவார்? உள்ளே வைத்தால்?

எனக்கு அப்போது பதினொரு வயது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பிரேக் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நாட்டின் வடகோடியில், பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். குடியிருந்தோம் என்பது முகவரிக் கணக்குக்குத்தான் சரி. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அப்பா தென்கோடியில், ஜொகூர் பாருவில் ஒரு வாடகை அறையில் தங்கி, தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஒரு கிடங்கு வேலைக்குப் போய்வந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் வந்தால் ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். மாதத்துக்கு நாற்பது மணி நேரம் எனக்கு அப்பா உண்டு. அதில் பாதி அவர் தூங்குவார்.

பள்ளி முடிந்ததும் கழுத்தில் தொங்கும் சாவியால் நானே கேட்டைத் திறந்து, நானே சோற்றைச் சூடாக்கி, நானே சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் பழைய கைபேசியோடு உட்கார்ந்துவிடுவேன். மற்ற பிள்ளைகள் பாட்டும் நாடகமும் பார்த்தார்கள். நான் பிரேக் வீடியோக்கள் பார்த்தேன். காரணம் அப்பாவின் கார். அது எங்கள் சந்து முனையில் திரும்பும்போதே பிரேக் கீச்சிடும். ஆயிரம் கார் போனாலும் அந்தக் கீச்சு எனக்குத் தெரியும். கேட்டதும் கேட்டைத் திறக்க ஓடுவேன். அது ஏன் அப்படிக் கத்துகிறது என்று ஒருநாள் தேடப்போய், அப்படியே உள்ளே விழுந்துவிட்டேன். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க் என்பதும், அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பவை பேட் என்பதும், அந்தக் கவ்வும் வாயைத் தாங்கிக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பது கேலிப்பர் என்பதும் எனக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் நிபுணர்.

அந்த மாதம் அப்பா வந்தபோது டிஸ்க் இரண்டும் தேய்ந்து, விளிம்பில் நகத்தை வைத்தால் மாட்டும் அளவுக்குக் கரை கட்டியிருந்தது. பெங்கெல் என்று நாங்கள் சொல்லும் பட்டறையில் விட நாளில்லை. அதனால் சனிக்கிழமை காலையிலேயே ஒரு உதிரிபாகக் கடையில் இரண்டு டிஸ்க்குகளை வாங்கிவந்து தானே மாட்டுவது என்று முடிவெடுத்தார். கார் கம்பெனியின் அசல் சாமான் இல்லை. வேறு யாரோ செய்து விற்பது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"பா, துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் தடவி அனுப்புவாங்க. கழுவணும்."

"கழுவத்தான்லா போறேன்."

"சும்மா தொடச்சா பத்தாது. பிரேக் கிளீனர் அடிக்கணும்."

"எந்தப் பெங்கெல்ல மேனேஜர் வேல பாக்கிற நீ?"

"கேலிப்பர கழட்டி அப்படியே தொங்கவிடாதீங்க. ஹோஸ் இழுத்துக்கும். கம்பியில கட்டணும்."

அப்பா என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், உள்ளே போய் அம்மாவின் சேலை தொங்கிய கம்பி ஹேங்கர் ஒன்றை எடுத்துவந்து நீட்டி வளைத்துக் கேலிப்பரைக் கட்டினார். எனக்கு வானத்தில் பறப்பது போல இருந்தது.

அடுத்தது ஹப். டிஸ்க் போய் உட்காரும் தட்டையான முகம். பழைய டிஸ்க்கை அடித்து எடுத்ததும், அந்த முகம் முழுக்கப் பொருக்குப் பொருக்காகத் துரு. அப்பா துணியால் ஒரு தடவு தடவிவிட்டு விட்டுவிடப் பார்த்தார். நான் விடவில்லை. அங்கே ஒரு மணல் துகள் இருந்தாலும் டிஸ்க் நேராக உட்காராது, ஆடும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள் என்று சாதித்தேன். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்ட, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் அரைமணி நேரம் தேய்த்தார். முடிவில் அதில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. அந்த அரைமணி நேரத்துக்குப் பெருமை என்னைச் சேரும். அதைப் பாழாக்கிய பெருமையும் என்னைத்தான் சேரும்.

ஏனென்றால் அன்று ஆயுத பூசை.

அம்மா காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்பே சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார். "நான் வந்து எலுமிச்சம்பழம் வச்சிக்கிறேன். நீ எல்லாத்துக்கும் பொட்டு வச்சிடு. ஒண்ணையும் விட்றாத. அப்பா தூரம் போறவரு."

நான் விடவில்லை. ஸ்டியரிங், பானெட், ஸ்பேனர்கள், ஜாக்கி, அம்மாவின் கத்தரிக்கோல், அரிசி வேகும் குக்கர், தண்ணீர் மீட்டர் வரைக்கும் வைத்தாகிவிட்டது. கடைசியில் கழுவித் துடைத்து வைத்திருந்த டிஸ்க்கிடம் வந்து விரலை நீட்டினேன்.

"ஏய்! அதுல வைக்காத! பேட் புடிக்கிற இடம் அது. எதுவும் படக்கூடாது."

"அம்மா ஒண்ணையும் விடக்கூடாதுன்னாங்க."

"அம்மாவா வந்து எனக்கு பிரேக் போடுவாங்க? கிண்ணத்த அங்கிட்டு வை." சொல்லிவிட்டுக் கைகழுவ உள்ளே போனார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். குக்கருக்குப் பொட்டு உண்டு. மீட்டருக்கு உண்டு. அப்பாவை எழுநூறு கிலோமீட்டர் தாண்டி, மழையிலும் லாரிகளுக்கு நடுவிலும் நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இந்த இரண்டு தட்டுகளுக்கு மட்டும் இல்லை. இது எனக்கு அநியாயமாகப் பட்டது. அம்மா சொன்னதும் நடக்க வேண்டும், அப்பா சொன்னதும் கெடக்கூடாது. பேட் படாத இடம் எது? குழிக்குள்ளே, திருகு ஓட்டைகள் இருக்கும் அந்தத் தட்டையான உள்முகம். யார் கண்ணிலும் படாது. ஒரு கையால் டிஸ்க்கைத் தூக்கி நிறுத்தினேன். நினைத்ததைவிடக் கனம். கட்டைவிரலால் சந்தனத்தை வழித்து, இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் அம்மா வைப்பதைப் போலத் தாராளமாக அப்பினேன். நடுவில் குங்குமம். ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை விட்டால் பாவம் என்று அதற்கும் வைத்தேன். அவை பழையபடி கவிழ்ந்து படுத்துக்கொண்டன. நானும் ஒன்றும் தெரியாதவள் போலப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

தேநீரும் குடித்துவிட்டு அப்பா வந்தார். டிஸ்க்கின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார், அப்படியே ஹப்பில் சொருகினார். உள்ளே பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்? சக்கரத் திருகுகளை எதிரெதிராக முடுக்கும்படி நான் குரல் கொடுத்தேன். மேலே, கீழே, இடது, வலது. வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக்கைப் பத்துத் தடவை மிதிக்கச் சொன்னேன். எல்லாம் செய்தார். புது டிஸ்க்கையும் பேட்டையும் பழக்க வேண்டும், அறுபதில் ஓட்டி இருபதுக்குக் குறைத்து, நிற்காமல் மறுபடி அறுபது, இப்படிப் பத்துத் தடவை என்றபோதுதான், "அதெல்லாம் ரேஸ் ஓட்றவனுக்கு" என்று கையை உதறிவிட்டார். அம்மா வந்து நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க, கார் அவற்றை நசுக்கிக்கொண்டு சந்து முனை வரைக்கும் போய்த் திரும்பியது. சத்தமே இல்லை. கீச்சு போய்விட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும், இனி அவர் வருவது எப்படித் தெரியும் என்று இருந்தது.

ஞாயிறு மதியம் அப்பா கிளம்பினார். அம்மாவும் மதிய ஷிஃப்டுக்குப் போய்விட்டார். கார் நின்ற இடத்தில் சிமெந்துத் தரையில் ஒரு எண்ணெய்ச் சொட்டு மட்டும் கிடந்தது. மாதாமாதம் நான் செய்வதைப் போல அதன் பக்கத்தில் உட்கார்ந்து, இந்நேரம் டோலைத் தாண்டியிருப்பார், இந்நேரம் பெர்த்தாம், இந்நேரம் ஜூரு என்று மனசுக்குள் கூடவே போய்க்கொண்டிருந்தேன். வழக்கமாக ஈப்போ போவதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும்.

அன்று ஈப்போ வரவில்லை. கேட் அசைந்தது. நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார். பின்னால் கார், ஒரு சத்தமும் போடாமல் வந்து நின்றிருந்தது.

முகம் வெளுத்திருந்தது. இரண்டு குவளை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார். "டோல்கிட்ட பிரேக் போட்டேன்மா. ஸ்டியரிங் கையில நிக்கல, உதறுது. பெடல் காலத் திருப்பி உதைக்குது. பழைய ரோட்டுல நாப்பதுல உருட்டிக்கிட்டு வந்தேன்."

நான் பதறியிருக்க வேண்டும். எனக்கு உள்ளே எலுமிச்சம்பழம் நசுங்கியதைப் போலச் சந்தோஷம் தெறித்தது. சந்தனம் வேலை செய்துவிட்டது. போன அப்பாவைப் பாதி வழியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. அதை வெளியே சொல்லாமல் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அப்பா ஜாக்கியை எடுத்தார். முனைக் கடையில் போய் ஐஸ் போட்ட தேநீர் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார். கடையில் கூட்டம். பையில் கட்டிய தேநீரை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நான் திரும்பியபோது சக்கரம் கழன்றிருந்தது, டிஸ்க்கும் கழன்றிருந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து, டிஸ்க்கைத் தொடை மேல் நிறுத்தி, அதன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் கிடந்த வெள்ளைத் துணியில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. துரு என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னா கோளாறு பா?"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தை, பிறகு என் கையை. "பெரிய கோளாறுமா," என்றார். "ரெண்டு நாளாவது புடிக்கும்."

உடனே மேற்பார்வையாளருக்குக் கூப்பிட்டார். "கெரெத்தா ரோசாக், பாஸ்," என்று மலாயில் சொல்லி, கார் பழுது, புதன்கிழமைதான் வர முடியும் என்று கெஞ்சினார். மறுமுனையில் கத்துவது எனக்கே கேட்டது. அப்பா சிரித்த முகத்தோடு "சோரி பாஸ், சோரி பாஸ்" என்றுகொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் எங்கள் கார் நின்றது. என்னை அதுவரைக்கும் யாரும் வந்து ஏற்றிக்கொண்டு போனதில்லை. மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஏறினேன். டிஸ்க்கைப் பழக்க வேண்டும் என்று நான் சொன்னதுதான் சரி என்றார் அப்பா. செமிலிங் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஆளில்லாத நீள ரோடு. முன்னாலும் பின்னாலும் பார்த்துக்கொண்டு அறுபதுக்கு ஏற்றி, இருபதுக்கு இறக்கி, மறுபடி ஏற்றினார். எண்ணுவது என் வேலை. ஸ்டியரிங் அசையவே இல்லை.

"பத்து, பா!"

"பத்தா? எட்டுதான் ஆச்சு."

"இல்ல பா, பத்து. நான் வெரல் மடக்கினேன்."

"சரியா எண்ணலபோல. மொதல்ல இருந்து எண்ணு."

மூன்று தடவை முதலிலிருந்து எண்ணினேன். பிறகு, சூடான டிஸ்க்கோடு நிறுத்தக்கூடாது, ஆறும் வரைக்கும் பிரேக் போடாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அது எனக்கும் தெரிந்த விதிதான். ஆனால் மெர்போக் வரைக்கும் போய், ஆற்றைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்தும் அது ஆறவில்லை என்பது எந்த வீடியோவிலும் இல்லாத விதி. ஜன்னலைத் திறந்துவிட்டு, நான் வாய் ஓயாமல் டிஸ்க் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் "அப்படியா?" என்று கேட்டார்.

அம்மா வேலைக்குப் புறப்பட நேரமாகியும் கதவோரம் நின்றார். "இன்னுமா முடியல?"

"டிஸ்க் சூடு ஆறணும்."

அம்மா அவரைப் பார்த்தார், முன்வாசலில் காய்ந்துகொண்டிருந்த கறைத் துணியைப் பார்த்தார். "ஆறட்டும் ஆறட்டும். மெதுவாவே ஆறட்டும்," என்று சொல்லிவிட்டுக் கைப்பையைக் கீழே வைத்து, இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று தொழிற்சாலைக்குப் போன் போட்டார். அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் சாப்பிட்டோம். என்ன குழம்பு என்று நினைவில்லை. ஒரே ஒரு நாற்காலி ஆடியது, அதில் நான் உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் பள்ளிச் சீருடையில் நிற்கும்போது, ஜொகூருக்குக் கிளம்பத் தயாரான அப்பா சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். காய்ந்து போயிருந்ததில் நானே தண்ணீர் விட்டுக் குழைத்தேன். சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே விரலை விட்டு, கேலிப்பரின் முதுகைக் காட்டினார்.

"இங்க வை. இது சுத்தாது, ஆடாது. எதுக்கும் குறுக்க வராது."

வைத்தேன். அப்பாவுக்கு இரண்டு நாளில் பக்தி வந்துவிட்டது என்று எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது. ஏற்கெனவே உள்ளே ஒரு பொட்டு பத்திரமாக இருப்பது பாவம் அவருக்குத் தெரியாதே! சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் பலிக்காது என்று விழுங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள், அப்பா கிளம்பிப் போகும் ஒவ்வொரு ஞாயிறும், சக்கரத்துக்குள் என் சந்தனம் சுற்றிக்கொண்டு அவரைக் காப்பாற்றுகிறது என்று நம்பினேன். வாகனத் தொழில்நுட்பம் படிக்க பாலிடெக்னிக் போன பிறகும் நம்பினேன். முதல் பருவத்தில் ஒரு வகுப்பில், விரிவுரையாளர் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து முடுக்கி, விளிம்பில் அளவுமானியைப் பொருத்திச் சுற்றினார். முள் துள்ளியது. உள்ளே காகிதக் கனம், விளிம்புக்கு வரும்போது அதைவிடப் பெரிய ஆட்டம். அது நசுங்க நசுங்கத் திருகும் தளரும், ஓடும்போது சக்கரமே கழலலாம் என்றார். சரி, இதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

"தொடச்சிட்டு மாட்ட வேண்டியதுதான், சார்," என்றான் பின்வரிசையில் ஒருவன். "ஒரு வீலுக்குப் பத்து நிமிஷம்."

நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். கட்டைவிரலைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

அந்த டோலில் அவர் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் என்று நினைக்க முடியவில்லை. அதைவிடவும் நினைக்க முடியாதது, அவர் டிஸ்க்கைத் தொடைமேல் வைத்துப் பார்த்த அந்த நேரம். சந்தனத்தில் என் விரல்ரேகை பதிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. இரண்டு வீலுக்கும் சேர்த்து இருபது நிமிட வேலையை அவர் இரண்டு நாள் செய்தார். அந்த நாற்பது மணி நேரத்தை நான் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அப்பா இன்னும் ஜொகூரில்தான் இருக்கிறார். அதே அறை, அதே கார். போன மாதம் நான் விடுமுறையில் வீட்டில் இருந்தபோது, சந்து முனையில் மறுபடியும் அந்தக் கீச்சு கேட்டது. என்னை அறியாமல் கேட்டுக்கு ஓடிவிட்டேன். விளிம்பில் நகம் வைத்துப் பார்த்தேன். கரை கட்டியிருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை வருகிறார். புது டிஸ்க் பெட்டிகள் இரண்டும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கிளீனர், கம்பித் தூரிகை, திருகை அளவு பார்த்து முடுக்க இரவல் வாங்கிய முறுக்கு ஸ்பேனர் எல்லாம் தயார். என் கைக்கு இது மூன்று மணி நேர வேலை. அதைச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் இழுக்க வேண்டும். அதுதான் இப்போது என் கவலை. ஹப்பை ஒரு காலைப் பொழுது முழுக்கத் தேய்க்கலாம். மாட்டியபின் செமிலிங் ரோட்டில் நான்தான் ஓட்டுவேன், அவர் எண்ணட்டும். பத்து என்று சொன்னதும், சரியா எண்ணலபோல பா, மொதல்ல இருந்து எண்ணுங்க என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன்.